சென்னையில் ஒரு மனையின் பழைய நிலம்: எந்த வரைபடத்தை எடுப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு புகுந்தது. "இந்த இடம் முன்னாடி ஏரியா?" மனை வாங்கப் போகிறவர் கேட்கிறார், குடியிருப்போர் சங்கத்தார் கேட்கிறார்கள், ஆய்வு மாணவர்களும் கேட்கிறார்கள். பதில் கிடைக்காத கேள்வி இல்லை இது. தமிழ்நாட்டின் தலைநகருக்கு முந்நூறு ஆண்டுக்கும் மேலான வரைபடங்கள் இருக்கின்றன, நூறாண்டு நகரமைப்பு ஆய்வுகள் இருக்கின்றன, வருவாய்த் துறையின் புலப்படங்கள் இருக்கின்றன. அவ்வளவும் இருப்பதால்தான் எதிலிருந்து தொடங்குவது என்று திணறுகிறார்கள். தவறான தாளை முதலில் எடுத்தால் மாதக்கணக்கில் நேரம் போகும். அதைவிட மோசம், தவறான பதில் கையில் வந்து சேரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஆவணத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கிராம வரைபடத்தையும் அதோடு சேர்ந்த அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதி வைத்த வருவாய்த் துறைப் பதிவேடு) எடுங்கள். பலர் முதலில் ஓடுவது வேறு இரண்டு இடங்களுக்கு: ஒன்று கம்பெனிக் காலத்து வரைபடங்கள், மற்றொன்று முழுமைத் திட்டத்தின், அதாவது எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மாஸ்டர் பிளானின், வண்ண வரைபடம். அந்த இரண்டிலும் அருமையான விஷயங்கள் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு அவை நேரடியாகப் பதில் சொல்லாது.

கம்பெனிக் காலத்து வரைபடங்களை ஒருமுறை பார்த்தவர்களால் விட முடியாது. 1710-ஐ ஒட்டி ஆளுநர் தாமஸ் பிட்டுக்காக வரைந்தது, 1733-இல் வரைந்தது, பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்த பிறகு 1755-இல் கான்ராடி வரைந்தது, 1822-இல் ரேவன்ஷா நகர எல்லை முழுக்க அளந்து வரைந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நகரம் கண்ணெதிரே வளர்கிறது. முதலில் கோட்டையும், அதை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரமும். அடுத்து பெத்துநாயக்கன்பேட்டை, முத்தியால்பேட்டை. பிறகு அந்தப் பழைய கருப்பர் நகரமே இல்லாமல் போய் வெட்டவெளி. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாது என்று வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இதற்கு மேல் கட்டக் கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று என்.எஸ்.சி. போஸ் சாலையில் பாரிமுனைப் பக்கம் இன்றும் நிற்கிறது. பழைய கருப்பர் நகரம் இருந்த இடத்தில்தான் இன்று உயர்நீதிமன்றம் இருக்கிறது.

இந்த வரைபடங்களை வரைந்தவர்களில் பெரும்பாலோர் ராணுவப் பொறியாளர்கள். அவர்களுக்கு மதிலும் அகழியும் பீரங்கி எட்டும் தூரமும் முக்கியம். ஏரி என்பது படை நடக்க முடியாத இடம், அவ்வளவுதான். 1822 வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்க ஒரு கோடை முழுவதும் செலவழித்தேன். கோட்டைப் பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. மேற்கே போகப் போக விலகியது. நான் தேடிய ஊரோ அந்தத் தாளுக்கே வெளியே இருந்தது. வேளச்சேரியோ பள்ளிக்கரணையோ முடிச்சூரோ தேடுகிறவருக்கு அந்த வரைபடங்களில் ஒன்றும் கிடைக்காது. அன்று அவை சென்னை கிடையாது.

பழைய நகருக்குள் தேடுகிறவர் கதை வேறு. நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதிக்காரர்களுக்கு அந்த வரைபடங்கள் பெரிய துணை. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே 'லாங் டேங்க்'. இன்று அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரை இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரிப் படுகையில். தெருப்பெயர் ஞாபகம் வைத்திருப்பதைப் பழைய வரைபடம் கோடு போட்டுக் காட்டும்.

சரி, அந்த ஏரி ஏன் போனது? இதற்குப் பதில் எந்த நில அளவைத் தாளிலும் இருக்காது. நகரமைப்பு ஆய்வுகளில்தான் இருக்கும்.

சென்னையில் அந்தப் பேச்சு தொடங்கிய விதமே சுவாரசியமானது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் தன் நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்குக் கப்பலில் அனுப்பினார். 1914-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டதே, அதே எம்டன்தான். நண்பர்கள் வரைபடங்களை மறுபடி திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் கண்காட்சி நடந்தது. எதையும் இடிப்பதற்கு முன் ஊரை நடந்து பார், அளந்து பார், அங்கே வாழ்கிறவர்களைக் கேள் என்பது கெடிஸின் வழி. 1918-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் லான்செஸ்டர் சென்னை நகரமைப்பு பற்றித் தனி நூலே எழுதினார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் லாங் டேங்க்கின் பெரும்பகுதியை வடித்து அந்த நிலத்தில் தியாகராய நகரை அமைத்தார்கள். நெருக்கடியான நகருக்கு வீட்டுமனை வேண்டும் என்ற கண்ணோடு பார்த்தவர்களுக்கு அந்த ஏரி சும்மா கிடக்கும் நிலமாகத் தெரிந்தது. அன்றைய அறிக்கைகளை அந்தக் கோணத்தில் படித்தால், இன்றைக்கும் ஏரிகளை எப்படிப் பேசி எப்படி இழக்கிறோம் என்பது புரியும். அதனால்தான் ஆய்வு மாணவர்களுக்கு இவற்றை முதலில் படிக்கச் சொல்வேன். மனை வாங்குகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

இன்றைய திட்டங்களுக்கு வருவோம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1970-களில் உருவானது. அதன் முதல் முழுமைத் திட்டம் அந்தப் பத்தாண்டின் நடுவிலும், இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரிலும் வந்தன. இரண்டாவது 1,189 சதுர கி.மீ. பரப்புக்கானது, இலக்கு ஆண்டு 2026. 2022-இல் பெருநகரப் பகுதியின் எல்லையை 5,904 சதுர கி.மீ. ஆக விரித்தார்கள். இரண்டாம் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் கிராமவாரியாக, சர்வே எண்ணோடு இருக்கின்றன. இது பெரிய வசதி. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்கடற்கரையோரம் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று நீருக்காகவே தனியாகப் பிரித்த பகுதிகளும் அதில் உண்டு. அந்த எல்லைக்குள் மனை பார்க்கிறவர் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் திட்ட வரைபடத்தைத்தான் மக்கள் அதிகமாகத் தவறாகப் படிக்கிறார்கள். அந்த நிறங்கள் மண் எப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. அங்கே என்ன கட்டலாம் என்று ஓர் அலுவலகம் முடிவு செய்ததைச் சொல்கின்றன. ஏரியை ஒட்டிய பள்ளமான வயலும் குடியிருப்பு நிறத்தில் இருக்கலாம். சட்டப்படி அது சரிதான். தண்ணீருக்கு அந்த நிறம் தெரியாது.

என் அக்கா தென் புறநகரில் ஒரு கிரவுண்டு மனை பார்த்தார். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் இருந்தது, முழுமைத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதி, வில்லங்கச் சான்றும் சுத்தம். "அப்ரூவ்டு மனைடா, இதுக்கு மேல என்ன பார்க்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடமும் அன்று தெளிவான பதில் இல்லை. மனசுக்குள் ஏதோ உறுத்தியதால், எனக்குத் தெரிந்த அடுத்த தாளை எடுத்தேன். அது இந்திய நில அளவைத் துறையின் தலப்படம், அதாவது டோபோ ஷீட்.

1:50,000 அளவுத் தாளில் ஒரு செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். நாற்பதுக்கு அறுபது அடி மனை அதில் கால் மில்லிமீட்டர் சொச்சம். பேனா முனை வைத்தால் அதற்குள் அக்காவின் மனை போல நான்கைந்து மறைந்துவிடும். அதனால் உங்கள் மனையை அதில் தேடாதீர்கள், சுற்றுப்புறத்தைத் தேடுங்கள். ஏரி நீலமாகவோ, வறண்டிருந்தால் வெறும் எல்லைக்கோடாகவோ இருக்கும். கரை தனியாகத் தெரியும். கரையோரம் '3r', '4r' என்று சிறு எண்கள் அச்சிட்டிருக்கும். சுற்றியுள்ள தரையிலிருந்து கரை எத்தனை மீட்டர் உயரம் என்பதுதான் அந்த எண். கரை எந்தப் பக்கம் என்று பார்த்தாலே நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துவிடும். நம் ஏரிகள் குளம் தோண்டுவது போல நாலு பக்கமும் கரை போட்டவை அல்ல. சரிவின் குறுக்கே வில் போல ஒரு கரை, மேல்பக்கம் திறந்த உள்வாய். அந்த வில்லுக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல்கள்.

தாளின் ஓரத்தில் எந்த ஆண்டில் அளந்தது என்று போட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கடலோரத் தாள்கள் பாதுகாப்புக் காரணத்தால் நீண்ட காலம் சாதாரண மக்களுக்குக் கிடைக்கவில்லை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் தனியாக வந்தன, இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் புதிய பதிப்பில் ஏரி ஏற்கெனவே சுருங்கியிருக்கும். பழைய பதிப்பு வேண்டும், அதிலும் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய அளவில் கிடைத்தால் நல்லது. பல்கலைக்கழகப் புவியியல் துறைகளில் கேளுங்கள், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் தாள் பேசத் தொடங்கும்.

அக்காவின் மனை பழைய தாளிலும் ஏரிக்குள் இல்லை. அவருக்கு நிம்மதி. எனக்கும்தான். மனை கரைக்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளி, மஞ்சளாக வயல் என்று காட்டிய இடத்தில் இருந்தது.

நல்ல வேளை, அதோடு நிறுத்தவில்லை. கிராம வரைபடமும் அ-பதிவேடும் வேறு கதை சொன்னன. பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. தலப்படத்தில் புள்ளியாக இருந்த மனை இங்கே அரிசி மணி அளவுக்குத் தெரியும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனியே புலப்படம் உண்டு, நம் ஊரில் எல்லாரும் எஃப்.எம்.பி. என்பார்கள். பழைய புலப்படத்தில் பக்கங்களின் நீளம் லிங்க் கணக்கில் எழுதியிருக்கும். ஒரு லிங்க் 7.92 அங்குலம், நூறு லிங்க் சேர்ந்தால் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. அடி என்று நினைத்துப் படித்தால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு பிசகும். ஒரு மூலையிலிருந்து வயலின் குறுக்கே கோடு இழுத்து, அதிலிருந்து வரப்பின் ஒவ்வொரு வளைவுக்கும் தூரம் குறித்து வைத்திருப்பார்கள். வெயிலில் நின்று சங்கிலி பிடித்தவர்களின் கை அந்தத் தாளில் தெரிகிறது. இவ்வளவு நெருக்கமாக நிலத்தைப் பார்த்த ஆவணம் நம்மிடம் வேறு இல்லை.

அ-பதிவேட்டில் அக்காவின் சர்வே எண்ணுக்கு எதிரே இருந்த சொல்: நஞ்சை.

இதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாரும் 'ஏரிப் புறம்போக்கா?' என்று மட்டும் பார்க்கிறார்கள். இல்லை என்றதும் எழுந்துவிடுகிறார்கள். ஏரியின் நீர் மதகு வழியாகத் தானே ஓடி வந்து பாயும் நிலத்தைத்தான் பெரும்பாலும் நஞ்சை என்று எழுதினார்கள். தானே ஓடி வர வேண்டும் என்றால் நிலம் ஏரியை விடத் தாழ்வாக இருந்தாக வேண்டும். வயலில் தண்ணீர் நிற்பது பயிருக்கு நல்லது. அதே இடத்தில் வீடு கட்டினால் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வரும். பக்கத்து எண்கள் 'வாய்க்கால்', 'ஓடை' என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பள்ளிக்கரணைப் பக்கம் 'கழுவேலி' என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். தண்ணீர் பரந்து நின்று மெல்ல வடியும் தாழ்நிலத்துக்குத் தமிழில் இருக்கும் அருமையான சொல் அது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அது எப்படிப்பட்ட நிலம் என்று கிராமப் பதிவேட்டுச் சொல் அதற்கு வெகு காலம் முன்பே சொல்லியிருக்கிறது.

ஓர் ஏரியை மட்டும் பார்க்காமல் ஏரிச் சங்கிலியையும் பாருங்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து போக்குக்காலில் ஓடிக் கீழ் ஏரிக்கு வரத்தாகும். கிராம வரைபடத்தில் அந்தக் கால்வாய் இரண்டு மெல்லிய கோடாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊர் எல்லையில் தாள் முடிந்துவிடும், அடுத்த கிராமத்தின் தாளை எடுத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஒட்டு வேலை சலிப்பானதுதான். ஆனால் சங்கத்தார் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தங்கள் பகுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே அடைபட்டது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

வருவாய் ஆவணங்களிலும் குறை இல்லாமல் இல்லை. 1980-களை ஒட்டி நடந்த யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணியில் எண்களும் பெயர்களும் மாறின, பிழைகளும் புகுந்தன. இன்று இணையத்தில் நீங்கள் பார்ப்பது அதற்குப் பிந்தைய பதிவு. வகைப்பாடு பார்க்க யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேடுதான் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் மனு போட்டு நகல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்புப் பட்டியலையும் சேர்த்தே கேளுங்கள். அது இல்லாமல் பழைய பதிவேடு கையில் இருந்தும் பயனில்லை. நகரின் உட்பகுதியில் டவுன் சர்வே நடந்த இடங்களில் இன்னும் சிக்கல். எல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு அளந்தது அது, நஞ்சை புஞ்சை எதுவும் இருக்காது. அங்கேதான் பழைய நகர வரைபடத்துக்கு மறுபடி வேலை வருகிறது.

செயற்கைக்கோள் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கா 1960-களில் எடுத்து 1995-இல் வெளியிட்ட கொரோனா உளவுப் படங்கள், புறநகர் வயலாக இருந்த காலத்தை அப்படியே காட்டும். கூகுள் எர்த்தில் பின்னோக்கிப் போனால் 2000-க்குப் பிந்தைய மாற்றம் தெரியும். படம் எடுத்த மாதத்தைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மே மாதப் படத்தில் நல்ல ஏரியும் பொட்டல் காடாகத் தெரியும், டிசம்பர் படத்தில் வயலும் ஏரியாகத் தெரியும். சந்தேகத்தைத் தீர்க்கும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், முதல் சாட்சியாக வேண்டாம்.

அப்படியானால் யார் எதை எடுப்பது? மனை வாங்குகிறவர் பழைய தலப்படத்தை அரைமணி நேரம் பார்த்துவிட்டு நேரே கிராம வரைபடத்துக்கும் அ-பதிவேட்டுக்கும் போகலாம். முழுமைத் திட்டத்தைக் கட்டட அனுமதிக்காகக் கடைசியில் பார்த்தால் போதும். ஏரியைக் காப்பாற்றப் போராடும் சங்கத்தாருக்கும் வருவாய் ஆவணமே ஆயுதம். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க ஏரியின் எல்லையை அளந்து காட்ட வேண்டும். அதற்கு 1822 வரைபடத்தைக் காட்டினால் ரசிப்பார்கள், புலப்படத்தைக் காட்டினால்தான் அளக்க வருவார்கள். மாணவர்கள் நகரமைப்பு அறிக்கைகளில் தொடங்கி, அவை சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தலப்படத்தில் சரிபார்க்க வேண்டும். முதல் முழுமைத் திட்டம் மறைமலை நகர், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என மூன்று துணை நகரங்களைச் சொன்னது. அவை மூன்றும் ஒரே மாதிரி வளரவில்லை. ஏன் என்று தேடப் போனால் அதுவே ஓர் ஆய்வு.

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவதற்கான பணி நடக்கிறது. இப்படியொரு திட்டம் வரும்போது மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்பார்கள். "எங்கள் பகுதியில் வெள்ளம் வருகிறது" என்று மட்டும் எழுதினால் அந்த மனு ஆயிரத்தில் ஒன்று. இன்ன கிராமம், இன்ன சர்வே எண், யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டில் வாய்க்கால், இன்ன ஏரியின் கலங்கலிலிருந்து வரும் போக்குக்கால், உங்கள் வரைவில் குடியிருப்பு நிறம் என்று எழுதி, கிராம வரைபட நகலில் சிவப்பு மையால் கோடு போட்டு இணைத்துக் கொடுங்கள்.

அக்கா அந்த மனையை வாங்கவில்லை. அதே ஊரில், கரைக்குப் பக்கவாட்டில், பதிவேட்டில் புஞ்சை என்றிருந்த மேட்டில் சற்றுச் சிறிய மனையாக வாங்கினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவு போன் செய்து, வாசல்படியில் இரண்டாம் படி வரை தண்ணீர் வந்து நின்றிருக்கிறது, மேலே ஏறவில்லை என்றார். கீழ்ப் பக்கத் தெருவில் இருந்தவர்களை மாடிக்கு அழைத்து வந்து சமைத்துக்கொண்டிருந்தார்.